காவற்காரனுக்குக் கொண்டுபோகும் சோறு: பழமும் பழச்சாறும் நோயெதிர்ப்பும்

காலபோக நெல் பால்பிடிக்கும் நாட்களில் வன்னியின் வயற்கரைகளில் இரவுக் காவல் தொடங்கிவிடும். சுற்றிவர வேலி அடைக்கப்பட்டிருக்கும். அதையும் மீறிப் பன்றி நுழைந்தால் துரத்துவதற்குக் கொட்டிலில் ஒருவர் ரோச் லைற்றுடன் விழித்திருப்பார். யானை எந்தத் தடத்தால் இறங்கும் என்பதைப் போன வருடத்து அனுபவத்தால் அறிந்த மூத்தவர் ஒருவர் அந்தத் தடத்தின் வாயிலில் பொழுதுபடும்போதே தீ மூட்டிவைப்பார். நம் உடல் கிருமிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் முறையும் ஏறத்தாழ இதுதான். பாடசாலைப் புத்தகங்கள் இதனை நிர்ப்பீடனம் என்கின்றன. பேச்சுவழக்கில் நோயெதிர்ப்புச் சக்தி என்கிறோம். பழங்களும் பழச்சாறுகளும் இந்தச் சக்தியைக் கூட்டும் என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். அதில் உண்மை உண்டு, ஆனால் நாம் நினைக்கும் விதத்தில் அல்ல.

தோலே முதல் வேலி. மூக்கு, தொண்டை, சுவாசக் குழாய், குடல் ஆகியவற்றின் உட்புறத்தில் தோலுக்குப் பதிலாக ஈரமான மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் சுரக்கும் சளி, வந்து விழும் தூசியையும் கிருமியையும் ஒட்டிப் பிடிக்கிறது. உணவுடன் உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவை இரைப்பையின் அமிலத்தில் மடிகின்றன.

வேலியில் ஓட்டை விழுந்தால் வெண்குருதிக் கலங்கள் ஓடிவருகின்றன. எலும்புகளின் உள்ளே இருக்கும் என்புமச்சையில் இவை ஓயாமல் உருவாகின்றன. நலமாக இருக்கும் வளர்ந்த ஒருவரின் ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். நாயுண்ணி முள் குத்திய கால் மறுநாள் சிவந்து வீங்குவது, இவை அவ்விடத்தில் கூடிக் கிருமிகளை விழுங்கத் தொடங்கியதன் அடையாளம். இவற்றுள் நிணநீர்க் குழியங்கள் என்றொரு வகை உண்டு. யானைத் தடத்தை நினைவில் வைத்திருக்கும் மூத்தவரின் வேலையை இவை செய்கின்றன. ஒருமுறை கண்ட கிருமியை அடையாளம் வைத்து, அதற்கென்றே பொருந்தும் பிறபொருளெதிரிகளை ஆக்கி, அந்தக் கிருமி அடுத்த முறை வரும்போது முன்னதாகவே மறித்துவிடுகின்றன. கொப்புளிப்பான் ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வருவது அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். தடுப்பூசி, நோயை வரவிடாமலேயே இந்த நினைவை உண்டாக்கிக் கொடுக்கிறது. எந்தப் பழத்தாலும் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இந்தக் காவல் அளவுக்கு மிஞ்சுவதும் கேடு என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். தொய்வு, சிலருக்கு இறால் சாப்பிட்டதும் உடம்பு தடிப்பது, சிலவகை மூட்டுவாதம் ஆகியவை காவல் குறைந்ததால் வருவன அல்ல. காவற்காரன் வீட்டு மாட்டையே பன்றி என்று எண்ணி அடிப்பதைப் போன்றவை. ஆகவே நிர்ப்பீடனத்தை எல்லையின்றிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்ற எண்ணமே பிழையானது. அது ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். அதற்குத் தேவையான பொருட்கள் தவறாமல் கிடைக்க வேண்டும். பழம் இங்கேதான் உதவுகிறது. காவற்கொட்டிலுக்கு நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் சோற்றுப் பொதி அது. சோறு போகாத இரவில் காவற்காரன் சோர்ந்துவிடுவான்; அதற்காக ஒரே இரவில் பத்துப் பொதி கொடுத்தால் அவன் பத்து மடங்கு விழிப்பாக இருக்கப்போவதில்லை.

அந்தப் பொதியில் முதலில் பேச வேண்டியது விற்றமின் சி. ஆடும் மாடும் நாயும் இதனைத் தம் ஈரலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனித உடலால் அது முடியாது. உணவில் இருந்துதான் பெற வேண்டும். மாதக் கணக்கில் கடலிலேயே இருந்து உலர்ந்த உணவை மட்டும் உண்ட பழைய காலத்துக் கப்பலோட்டிகளின் முரசு வீங்கிக் குருதி கசிந்தது, பழைய காயங்கள் மீண்டும் திறந்துகொண்டன, பலர் இறந்தார்கள். ஸ்கேவி என்ற அந்த நோய்க்கு மருந்து தேடிய ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், 1747ஆம் ஆண்டில் சலிஸ்பரி என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் நோயுற்ற 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு சோடிக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு இரண்டு தோடம்பழமும் ஓர் எலுமிச்சம்பழமும் கிடைத்தன. ஆறு நாட்களில் பழம் முடிந்துவிட்டது. அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறியிருந்தார். ஆயினும் பிரித்தானியக் கடற்படை எலுமிச்சம்சாற்றைக் கட்டாயமாக வழங்க 1795ஆம் ஆண்டு வரை ஆயிற்று. பழத்தில் இருந்த அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த ஹங்கேரி நாட்டு அறிஞர் அல்பேர்ட் சென்ட்-ஜோர்ஜிக்கு 1937இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் அதைப் பெருமளவில் எடுத்தது பழத்திலிருந்து அல்ல, மிளகாய் இனத்துக் காயிலிருந்து என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

விற்றமின் சி வேலியையும் காவற்காரரையும் ஒருசேரப் பேணுகிறது. தோலையும் குருதிக் குழாயையும் இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாவதற்கு அது வேண்டும். கப்பலோட்டிகளின் முரசு கசிந்ததற்கும் காயம் திறந்ததற்கும் அந்தப் புரதம் கெட்டதே காரணம். மறுபுறம், வெண்குருதிக் கலங்கள் தம்மைச் சுற்றியுள்ள குருதித் திரவத்தில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு செறிவில் இந்த விற்றமினைத் தமக்குள் சேமித்து வைத்திருக்கின்றன. நோய்த்தொற்று வந்தால் அந்தச் சேமிப்பு விரைவாகக் கரைகிறது.

எவ்வளவு வேண்டும்? வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அமெரிக்கப் பரிந்துரை பெண்களுக்கு 75, ஆண்களுக்கு 90. இப்போது நம் வளவைப் பார்ப்போம். 100 கிராம் கொய்யாப்பழத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் உண்டு. அதே நிறையுள்ள பப்பாசிப்பழத்தில் சுமார் 60, தோடம்பழத்தில் சுமார் 50, மாம்பழத்தில் சுமார் 35, தேசிச்சாற்றில் சுமார் 30. வாழைப்பழத்தில் 10க்கும் குறைவு. நோயாளியைப் பார்க்கப் போகும்போது வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கடைகளில் விலை கொடுத்து நாம் வாங்கும் அப்பிளில் 5 மட்டுமே. அப்பிள் தீய பழம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொல்லையில் அணில் கொறித்து விழுத்தும் கொய்யாவைக் கூட்டி அள்ளிவிட்டு, கப்பலில் வந்த அப்பிளைச் சத்துக்காக வாங்குவது பெரிய இழப்பு. நடுத்தர அளவுள்ள ஒரு கொய்யாப்பழம் ஒருவரின் அன்றைய தேவையைத் தனியாகவே நிறைவேற்றிவிடும்.

அதற்கு மேல் உண்பதால் அதே விகிதத்தில் நன்மை வளராது. மிதமான அளவில் உண்ணும்போது உடல் இந்த விற்றமினில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரே நாளில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் மாத்திரையாக விழுங்கினால் பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, உறிஞ்சப்பட்டதிலும் மிகுதி சிறுநீரோடு போய்விடுகிறது. 2,000 மில்லிகிராமுக்கு மேல் போனால் வயிற்றோட்டம் வரலாம். சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் உண்டாகலாம். தடிமன் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, நாள்தோறும் விற்றமின் சி மாத்திரை எடுத்த பொதுமக்களுக்குத் தடிமன் வருவது குறையவில்லை. வந்த தடிமன் நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களில் ஏறத்தாழ 8 வீதமும் பிள்ளைகளில் 14 வீதமும் குறைந்தது. ஒரு கிழமைத் தடிமன் பெரியவர் ஒருவருக்கு அரை நாள் முந்தி மாறும் என்பதே இதன் பொருள்.

பப்பாசியும் மாம்பழமும் தரும் இன்னொரு பொருள் அவற்றின் நிறத்திலேயே தெரிகிறது. அந்தச் செம்மஞ்சள் நிறத்தைக் கொடுக்கும் கரோட்டின் உடலில் விற்றமின் ஏ ஆக மாறி, மூக்கிலும் தொண்டையிலும் குடலிலும் உள்ள அந்த ஈரச் சவ்வைக் கேடில்லாமல் வைத்திருக்கிறது. இது கொழுப்பில் கரைவது. வெறும் பழமாக உண்பதைவிடச் சிறிது கொழுப்புள்ள உணவுடன் உண்டால் நன்றாக உறிஞ்சப்படும். இதற்கு எண்ணெய் தேடிப் போக வேண்டியதில்லை. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வாங்கிவரும் கச்சானில் ஒரு பிடி போதும். அதில் கொழுப்போடு புரதமும் நாகச்சத்தும் உண்டு. பிறபொருளெதிரிகள் புரதத்தால் ஆனவை. பழத்தில் புரதம் மிகக் குறைவு. பழம் நிறைய உண்டு பயறு, பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றைக் குறைத்தவரின் உடல், தேவையான அளவுக்குக் காவலை உருவாக்க முடியாமல் தவிக்கும்.

இனிச் சாற்றுக்கு வருவோம். மூன்று தோடம்பழங்களைப் பிழிந்து வடித்தால் ஒரு கிளாஸ் சாறு கிடைக்கும். வடியில் தங்கும் சக்கையை வாழையடியில் கொட்டிவிடுகிறோம். கொட்டப்படும் அந்தச் சக்கையை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பழத்தின் சுளைகளைக் கட்டிவைத்திருந்த தோலும் நாரும் அதில்தான் இருக்கின்றன. அந்த நார்ப்பொருளை நம் குடல் சமிக்காது. பெருங்குடலில் வாழும் நன்மை தரும் பற்றீரியாக்கள் அதை உண்டு, குடற்சுவருக்கு உணவாகும் சில அமிலங்களை ஆக்குகின்றன. நம் உடலின் காவற்கலங்களில் மிகப் பெரிய பகுதி அந்தக் குடற்சுவரை அண்டியே இருப்பதால், இந்தப் பற்றீரியாக்களின் நலம் காவலின் நலமும் ஆகும். வடிகட்டிய சாறு இவற்றுக்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை.

எஞ்சுவது தண்ணீரும் சில விற்றமின்களும் சீனியுமே. 200 மில்லிலீற்றர் தோடஞ்சாற்றில், நாம் எதையும் சேர்க்காமலேயே, ஏறத்தாழ 17 கிராம் சீனி இருக்கிறது; அது நான்கு தேக்கரண்டி. அதற்குமேல் நம் வழக்கப்படி இரண்டு கரண்டி போட்டால் ஆறு. ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் நிற்பதே சிறப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அந்த ஒரு கிளாஸிலேயே முடிந்துவிட்டது. முழுப் பழத்துக்குள் இருக்கும் சீனியை அந்நிறுவனம் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிழிந்த சாற்றில் இருப்பதைச் சேர்க்கிறது. காரணம் எளியது. மூன்று தோடம்பழங்களை உரித்துச் சுளை சுளையாக உண்பவர் இரண்டாவது பழத்திலேயே போதும் என்பார். சாறாகக் கொடுத்தால் அரை நிமிடத்தில் குடித்துவிட்டு அதன்பின் சோற்றுக்கும் உட்காருவார். சீனி வேகமாகக் குருதியில் ஏறுகிறது. சலரோகம் உள்ளவர்கள் சாற்றைத் தவிர்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் பழத்தை உண்பதற்கு இதுவே காரணம்.

கடையில் வாங்கும் போத்தல் பானங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் 2016ஆம் ஆண்டு முதல் இனிப்புப் பானங்களின் மேல் நிறக் குறியீடு அச்சிடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். போத்தலில் மாம்பழப் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தச் சிறு வட்டத்தைப் பார்த்த பிறகு வாங்குவதா என்று முடிவெடுங்கள்.

சாறு வேண்டிய இடங்களும் உண்டு. பல் விழுந்த முதியவர், வாய்ப்புண்ணால் மெல்ல முடியாதவர், காய்ச்சலில் உணவைத் திரும்பிப் பார்க்காத பிள்ளை ஆகியோருக்குச் சாறு பெரிய உதவி. சித்திரை வெயிலில் வயலிலோ தோட்டத்திலோ நிற்பவருக்கு, உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீரைப் போல ஆறுதல் தருவது வேறில்லை. அப்படிச் செய்யும்போது வடிக்காமல் சதையோடு அடித்து, சீனி சேர்க்காமல், ஒரு சிறிய கோப்பை அளவாக, அதாவது 150 மில்லிலீற்றராக, உடனே குடிக்கக் கொடுப்பது நல்லது. வெட்டிவைத்த பழத்திலும் வெப்பத்தில் வைத்த சாற்றிலும் விற்றமின் சி மெல்ல அழிந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும்விடத் தண்ணீரில்தான் கவனம் வேண்டும். பழத்தைக் கழுவிய நீரும், சாற்றில் கலந்த நீரும், மேலே போட்ட ஐஸும் கொதித்தாறிய நீராலானவை அல்லவென்றால், நோயெதிர்ப்புக்காகக் குடித்த சாறே நெருப்புக் காய்ச்சலையோ செங்கண்மாரியையோ கொண்டுவந்துவிடும். திருவிழாக் காலத்தில் தெருவோரத்தில் குடிக்கும் சர்பத்துக்கும் இது பொருந்தும்.

மாரி தொடங்கியதும் டெங்கு பற்றிய பேச்சு எழும்; அதோடு பப்பாசி இலைச் சாறு பற்றிய பேச்சும் எழும். இலைச்சாற்றை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவது உயிராபத்து. டெங்கில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் வருகிறது. அப்போது குருதிச் சோதனையும், உள்ளே போகும் நீர், வெளியே போகும் சிறுநீர் ஆகியவற்றின் அளவுமே மருத்துவருக்கு வழிகாட்டுகின்றன. இளநீர், கஞ்சி, பழச்சாறு ஆகியவை அந்த நீர்த் தேவைக்கு உதவும். ஆனால் மாதுளை, வத்தகப்பழம் போன்ற சிவந்த சாறுகளைக் கொடுக்காதீர்கள். நோயாளி வாந்தி எடுத்தால் அது சாறா குருதியா என்று பிரித்தறிய முடியாமற் போகும்.

நம் பிரதேசத்துக்கென்று இன்னொரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் இன்னும் தெளிவாகக் கண்டறியப்படாத நீண்டகாலச் சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. சிறுநீரகம் பழுதடைந்தவரின் உடலால் மிகுதியான பொற்றாசியத்தை வெளியேற்ற முடியாது. அது குருதியில் தேங்கினால் இதயத்துடிப்பு குழம்பும். வாழைப்பழம், தோடஞ்சாறு, இளநீர் ஆகியவற்றில் பொற்றாசியம் நிறைய உண்டு. நலமாக இருப்பவருக்கு நன்மை செய்யும் அதே கிளாஸ் இவர்களுக்கு நஞ்சாகலாம். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போலத் தெரியும் காமரங்காவைச் சிறுநீரக நோயாளர் ஒரு துண்டேனும் உண்ணக்கூடாது; காமரங்காவையோ விளிம்பிக்காயையோ வெறுவயிற்றில் நிறையச் சாறாக்கிக் குடித்து, நலமாக இருந்தவர்களுக்கே சிறுநீரகம் பழுதான சம்பவங்கள் இலங்கையில் பதிவாகியுள்ளன. கிளினிக்கில் தரும் உணவுத் தாளை, அயலவர் சொல்லும் எந்தச் சாற்றுக்காகவும் மீறக்கூடாது.

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். தாயின் பிறபொருளெதிரிகள் அதன் வழியே குழந்தைக்குப் போகின்றன. அதன்பின் கனிந்த பப்பாசியை மசித்து ஊட்டலாம். ஒரு வயதுக்கு முன் சாறு தேவையில்லை.

சோற்றுக் கோப்பையிலும் பழத்துக்கு ஒரு வேலை உண்டு. முருங்கையிலை வறையிலும் கீரையிலும் கவ்பியிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் இலகுவில் உறிஞ்சாது. இரும்பு குறைந்தால் குருதி சோகையாவதோடு வெண்குருதிக் கலங்களும் சோர்கின்றன. வறையை அடுப்பிலிருந்து இறக்கி, சட்டியின் சூடு சற்றுத் தணிந்த பின் பாதித் தேசிக்காயைப் பிழிந்துவிடும் அம்மாமாரின் கை, அந்த இரும்பைக் குடல் எளிதில் ஏற்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது. அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் வெப்பம் விற்றமினை அழித்துவிடும். சாப்பிட்டு எழுந்த கையோடு பிளேன்ரீ குடித்தாலோ, தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் அந்த இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிவையுங்கள்.

நாளொன்றுக்குப் பழமும் மரக்கறியும் சேர்ந்து 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரே பழத்தால் அதை நிரப்புவதைவிடப் பருவத்துக்குப் பருவம் மாற்றி உண்பது நல்லது. வைகாசி, ஆனியில் பாலைமரங்கள் பழுத்து, கரடியும் மனிதரும் ஒரே காட்டுக்குள் போட்டிபோடும் காலத்தில், ஏ9 வீதியோரத்தில் சிறு கோப்பைகளில் அளந்து விற்கும் அந்த மஞ்சள் மணிகளை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். உதடு பாலில் ஒட்டிக்கொள்ளும் என்று அவர்கள் சிரித்துக்கொண்டே உண்பார்கள். வீரைப்பழம், நாவற்பழம், விளாம்பழம், வெள்ளரிப்பழம் என ஒன்று போக ஒன்று வரும். இவை எதையும் பிழிந்து வடித்துக் குடிக்கும் வழக்கம் நம்மிடம் இருந்ததில்லை, சதையோடு உண்டோம்.

வளவில் இடமிருப்பவர்கள் ஒரு கொய்யாவும் இரண்டு பப்பாசியும் நடலாம். பப்பாசி விதையிட்ட பத்து மாதமளவில் பழம் தரும். கிணற்றடித் தண்ணீர் போகும் வாய்க்காலுக்கு அருகில் நட்டால் கோடையில் வாடாது. ஆனால் அதன் வேர் தேங்கும் நீரில் அழுகிவிடும் என்பதால், கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளம் நிற்காதபடி ஒரு முழ உயரத்துக்கு மண் அணைத்து, அந்த மேட்டின் மேல் நட வேண்டும்.